குளிர் மலையில் கொதிக்கும் கணினி

வட்டவளையைக் கடந்து ஹட்டனை நோக்கி ஏறும் புகையிரதம் வழியில் தரிக்கும் சிறிய நிலையம் றொசல்ல. இலங்கையில் மிக அதிகமாக மழை பெறும் இடங்களுள் வட்டவளைப் பகுதியும் ஒன்று. மே மாதத்தில் தென்மேல் பருவக்காற்று தொடங்கிவிட்டால் செப்டெம்பர் வரை மழையும் மூடுபனியும்தான். துவைத்துப் போட்ட பாடசாலைச் சீருடை இரண்டு மூன்று நாளாகியும் ஈரம் விடாது. இப்படிப்பட்ட ஊரில் ஒரு மாணவி, "என்னுடைய கணினி சூடாகி நின்றுவிடுகிறது" என்று சொன்னால் கேட்பவருக்குச் சிரிப்புத்தான் வரும். ஆனாலும் அது நடக்கிறது. வெளியே மழை ஊற்றிக்கொண்டிருக்க, மேசைக்குக் கீழே இருக்கும் பெட்டிக்குள் ஒரு சிறு சில்லு 90 பாகை செல்சியசைத் தொட்டுக்கொண்டிருக்கும்.

இன்று நம் வீடுகளில் கணினி வடிவமைப்பு பலருக்குக் கைத்தொழிலாகி வருகிறது. நிக்காஹ், வலீமா அழைப்பிதழ்கள், கடைப் பெயர்ப்பலகைகள், ஹபாயாவுக்கான பூவேலை மாதிரிகள், வீட்டு உள்ளலங்காரத்தின் முப்பரிமாணப் படங்கள் என்று வீட்டிலிருந்தபடியே பெண்கள் செய்யக்கூடிய வேலைகள் பல. உயர்தரத்தில் தொழில்நுட்பப் பாடத்துறை 2013 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பின்னர் இந்த ஆர்வம் பாடசாலைகளிலும் வளர்ந்திருக்கிறது. இவ்வேலைகளுக்கான கணினியின் விலையில் பெரும்பங்கை எடுத்துக்கொள்வது பெரும்பாலும் கிரஃபிக்ஸ் கார்ட் என்ற ஒரே பாகம். அது சூடாகும்போது பலரும் முதலில் கேட்கும் தீர்ப்பு, "கார்ட் போய்விட்டது, புதிதாக வாங்குங்கள்" என்பதுதான்.

அந்தத் தீர்ப்பின் விலை சிறியதல்ல. 2022 மார்ச் மாதத் தொடக்கத்தில் ஒரு அமெரிக்க டொலர் ஏறத்தாழ 200 ரூபா. அதே ஆண்டு மே மாதத்தில் அது 360 ரூபா அளவுக்கு ஏறிவிட்டது. இறக்குமதியாகும் ஒவ்வொரு கணினிப் பாகத்தின் விலையும் அதனோடு ஏறியது. ஆகவே புதிய கார்ட் வாங்குவதற்கு முன்னர், பழைய கார்ட் உண்மையிலேயே பழுதா, அல்லது அதற்கு மூச்சுத்தான் முட்டுகிறதா என்று அறிந்துகொள்வது ஒவ்வொரு குடும்பத்துக்கும் பணம் சம்பந்தப்பட்ட கேள்வி. அதற்கு விடை காணப் பொறியியலாளராக இருக்க வேண்டியதில்லை. வெப்பம் எந்த வழியாக வெளியே போகிறது என்று தெரிந்தால் போதும்.

கிரஃபிக்ஸ் கார்ட் ஏன் சூடாகிறது?

கணினியின் பிரதான செயலி சில பெரிய வேலைகளை ஒன்றன்பின் ஒன்றாக வேகமாகச் செய்யும். கிரஃபிக்ஸ் கார்டில் உள்ள சில்லு பல்லாயிரம் சிறு வேலைகளை ஒரே நேரத்தில் செய்யும். திரையில் தெரியும் இலட்சக்கணக்கான புள்ளிகளில் ஒவ்வொன்றுக்கும் நிறமும் ஒளியும் நிழலும் கணக்கிடப்பட வேண்டும் அல்லவா? அதற்காகவே இது உருவாக்கப்பட்டது. என்விடியா நிறுவனம் 2021 இல் வெளியிட்ட ஆர்டிஎக்ஸ் 3060 என்ற நடுத்தரக் கார்டில் 3,584 சிறு கணிப்பு அலகுகள் உள்ளன. முழு வேலையில் அது 170 வோட் மின்சாரம் எடுக்கும்.

இந்த 170 வோட் எங்கே போகிறது? மின்விசிறியைச் சுழற்றும் சிறு பங்கைத் தவிர, ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகிவிடுகிறது. பழைய காலத்து 60 வோட் குண்டு மின்குமிழ்கள் மூன்றை ஒரு சிறு பெட்டிக்குள் எரியவிட்டதாக எண்ணிப் பாருங்கள். கார்ட் சூடாவது பழுதின் அடையாளம் அல்ல, அது வேலை செய்வதன் அடையாளம். அந்தச் சூடு வெளியேறாமல் உள்ளேயே தங்குவதுதான் நோய்.

எல்லா வடிவமைப்பு வேலையும் கார்டை ஒரே அளவில் வருத்துவதில்லை. இலஸ்ட்ரேட்டரில் ஓர் அழைப்பிதழ் வரைவது அதற்கு இலேசான வேலை. பிளெண்டர், லூமியன் போன்ற மென்பொருள்களில் ஒரு வரவேற்பறையின் முப்பரிமாணப் படத்தை இறுதி வடிவாக்கும் 'ரெண்டரிங்' வேலையின்போது அது நிமிடக்கணக்கில், சில வேளை மணிக்கணக்கில், முழுப் பலத்தோடு உழைக்கிறது. அதனால்தான் பகல் முழுவதும் ஒழுங்காக ஓடிய கணினி, இரவில் ரெண்டரிங் தொடங்கியதும் நின்றுவிடுகிறது.

வெப்பம் நடந்துபோகும் பாதை

சில்லில் பிறந்த வெப்பம் அறையின் காற்றைச் சேர்வதற்குள் ஐந்து படிகளைக் கடக்கிறது.

முதலாவது, சில்லின் மேல் பூசப்பட்ட வெப்பக் களிம்பு. சில்லும் அதன் மேல் அமரும் உலோகத் தகடும் கண்ணுக்கு வழுவழுப்பாகத் தெரிந்தாலும் இரண்டுக்கும் இடையே நுண்ணிய பள்ளங்கள் உண்டு. அவற்றில் காற்று தங்கினால் வெப்பம் தடைப்படும். காற்றைவிடச் செப்பு ஏறத்தாழ 15,000 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். அந்தப் பள்ளங்களை நிரப்பிக் காற்றை வெளியேற்றுவதே களிம்பின் வேலை.

இரண்டாவது, செப்புத் தகடு. மூன்றாவது, அதிலிருந்து கிளம்பும் வெப்பக் குழாய்கள். இவை திண்மக் கம்பிகள் அல்ல. உள்ளே சிறிதளவு நீர் வைத்து, காற்றை உறிஞ்சி மூடப்பட்ட குழாய்கள். சூடான முனையில் நீர் ஆவியாகிறது. ஆவி குளிர்ந்த முனைக்குப் பாய்ந்து அங்கே மீண்டும் நீராகி, உட்சுவர் வழியே திரும்பி வருகிறது. பள்ளத்தாக்கிலிருந்து எழும் ஈரக்காற்று மலை உச்சியில் குளிர்ந்து மழையாகிக் கீழே இறங்குவதை நாம் அன்றாடம் காண்கிறோம். அதே சுற்று இங்கே ஒரு பென்சில் பருமனுக்குள் நடக்கிறது.

நான்காவது, அலுமினியத் தகட்டு வரிசை. குழாய் கொண்டுவந்த வெப்பத்தை மெல்லிய பல தகடுகள் பங்கிட்டுக்கொள்கின்றன. ஐந்தாவது, அவற்றினூடே காற்றைத் தள்ளும் மின்விசிறி. அதற்குப் பிறகு சூடான காற்று கணினிப் பெட்டியை விட்டு வெளியே போக வேண்டும்.

கடைசி இரு படிகளைப் புரிந்துகொள்ள நமக்குப் புத்தகம் தேவையில்லை. தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்தை வாட்டும் தொட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். கம்பி வலைமீது கொழுந்தைப் பரப்பி, கீழிருந்து பெரிய மின்விசிறியால் காற்றை மேலே செலுத்துவார்கள். கொழுந்தை அளவுக்கு மீறித் தடிப்பாகக் கொட்டினாலோ கட்டியாகக் கிடந்தாலோ காற்று அந்த இடத்தில் நுழையாது, மெல்லிய இடத்தைத் தேடி அதன் வழியே ஓடிவிடும். விசிறி முழு வேகத்தில் சுழன்றாலும் கட்டிக்குள் இருக்கும் கொழுந்து வாடாது. கார்டின் அலுமினியத் தகடுகளுக்கு இடையில் தூசி கட்டினால் நடப்பதும் இதுவே. விசிறி இரைகிறது, காற்று வேறு வழியாகப் போகிறது, வெப்பம் அங்கேயே நிற்கிறது.

குளிரான ஊரில் இது எப்படி?

நம்மிற் பலருடைய நம்பிக்கை, "மலைநாட்டில் கணினிக்குக் குளிரூட்டல் தேவையில்லை" என்பது. இதில் பாதி உண்மை இருக்கிறது. கார்டின் வெப்பநிலை என்பது அறையின் வெப்பநிலையோடு கார்ட் தன் உழைப்பால் சேர்த்துக்கொள்ளும் வெப்பநிலை உயர்வைக் கூட்டினால் வருவது. அறை குளிராக இருந்தால் கூட்டுத்தொகை குறையும். சுவீடனின் வடபகுதியில் உள்ள லூலியோ நகரில் பேஸ்புக் நிறுவனம் 2013 இல் தன் தரவு மையத்தைத் திறந்ததற்கும் அங்குள்ள குளிர்ந்த வெளிக்காற்று ஒரு முக்கிய காரணம்.

மறுபாதி உண்மை உயரத்தில் இருக்கிறது. ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரம். நுவரெலியா 1,868 மீற்றர். உயரம் கூடக் கூடக் காற்று மெலிதாகிறது. ஹட்டன் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையில் உள்ளதைவிடப் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவு. அதாவது விசிறி ஒவ்வொரு சுழற்சியிலும் தள்ளும் காற்றில் வெப்பத்தைச் சுமந்து செல்லும் பொருளே குறைவாக இருக்கிறது.

ஓர் எளிய கணக்குப் போடுவோம். கொழும்பில் அறை 28 பாகை, கார்ட் தன் உழைப்பால் அதற்கு மேல் 45 பாகை ஏறுகிறது என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 73 பாகை. அதே கார்ட் ஹட்டனில் மெல்லிய காற்றின் காரணமாக 50 பாகை ஏறுகிறது, அறை 20 பாகை என்றால் மொத்தம் 70 பாகை. எட்டுப் பாகை இலாபம் கிடைக்கும் என்று எண்ணியிருந்தோம், கைக்கு வந்தது மூன்றுதான்.

அந்த மூன்றையும் நம் வீட்டுப் பழக்கங்கள் எளிதில் தின்றுவிடுகின்றன. குளிருக்காகக் கதவும் யன்னலும் எந்நேரமும் மூடியிருக்கும். இடம் போதாத வீட்டில் கணினிப் பெட்டியை அலுமாரிக்குள்ளோ மேசைக்கும் சுவருக்கும் நடுவிலோ செருகி வைப்போம். ஈரம் படாதிருக்க அதன்மேல் துணியோ பொலித்தீனோ போர்த்துவோம். இதனால் கணினி தான் வெளியே விட்ட சூடான காற்றையே மறுபடியும் உள்ளே இழுக்கிறது. அறை 20 பாகையாக இருக்கலாம், ஆனால் அந்த மூலையில் இருக்கும் காற்று 35 பாகைக்கும் மேலே போய்விடும். கார்டுக்கு ஊர் எது என்று தெரியாது. அது அறிந்தது தன் விசிறிக்கு முன்னால் இருக்கும் காற்றை மாத்திரமே.

அடுத்தது புகை. விறகடுப்புப் புகை, வெள்ளிக்கிழமை இரவுச் சாம்பிராணி, சமையலறைத் தாளிப்பு ஆவி ஆகியவற்றில் எண்ணெய்ப் பசை கலந்திருக்கும். ஈரக்காற்றும் சேரும்போது தூசி பொடியாக இருப்பதில்லை, கம்பளி போலத் தகடுகளில் ஒட்டிக்கொள்கிறது. லயக் காம்பராக்களிலும் சிறு வீடுகளிலும் அடுப்புக்கும் கணினிக்கும் இடையில் ஒரு சுவர்தான் இருக்கும் என்பதால் இது விரைவாக நடக்கும்.

கடைசியாக ஈரம். ஓடிக்கொண்டிருக்கும் கார்ட் சூடாக இருப்பதால் அதன்மேல் நீர் படியாது. பல நாள் நிறுத்தி வைக்கப்பட்ட குளிர்ந்த கணினியில், அறைக்குள் வெதுவெதுப்பான ஈரக்காற்று புகும்போது நுண்ணிய நீர்த்துளிகள் படியலாம். பேஸ்புக்கின் ஒரிகன் மாநிலத் தரவு மையத்திலேயே 2011 கோடையில் கட்டுப்பாட்டுக் கோளாறினால் ஈரப்பதன் அளவுமீறி, கட்டடத்துக்குள் மேகம் போலப் பனி கிளம்பிச் சில கணினிகள் பழுதடைந்தன. ஆகையால் விடுமுறை முடிந்து வந்து கணினியை இயக்கும்போது, அறையின் ஈரம் குறையும்வரை சற்றுப் பொறுப்பது நல்லது. பாவிக்காத நாட்களிலும் வாரத்துக்கு இரு தடவை அரை மணி நேரம் கணினியை ஓடவிடுங்கள். அந்தச் சிறு சூடு உள்ளிருக்கும் ஈரத்தைப் போக்கிவிடும்.

முதலில் அளந்து பாருங்கள்

காய்ச்சலா இல்லையா என்று வெப்பமானி வைத்துப் பார்த்த பின்னரே வைத்தியர் மருந்து எழுதுவார். இங்கும் அப்படித்தான். விண்டோஸ் கணினியில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபோமன்ஸ் என்ற பகுதியில் கார்டின் வெப்பநிலை தெரியும். 2020 மே மாதத்துக்குப் பின்னர் வந்த விண்டோஸ் பதிப்புகளில் இந்த வசதி உண்டு. இன்னும் விவரமாக, விசிறியின் வேகம், மிகச் சூடான புள்ளி ஆகியவற்றையும் பார்க்க ஜிபியு-இசட், ஹெச்டபிள்யூ-இன்ஃபோ போன்ற இலவச மென்பொருள்கள் உள்ளன.

கணினியை இயக்கிப் பத்து நிமிடம் சும்மா விட்டு ஒரு தடவை குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் வழக்கமான ரெண்டரிங் வேலையைக் கொடுத்துப் பதினைந்து நிமிடத்தில் இன்னொரு தடவை குறியுங்கள். பொதுவாகச் சும்மா இருக்கும்போது 30 முதல் 50 வரை, முழு வேலையில் 65 முதல் 80 வரை இருந்தால் கவலையில்லை. 85 ஐத் தாண்டித் தொடர்ந்து நின்றால் கவனிக்க வேண்டும். 90 ஐ நெருங்கினால் வேலையைச் சேமித்து நிறுத்திவிடுங்கள். ஆர்டிஎக்ஸ் 3060 இற்கு அதன் தயாரிப்பாளர் குறித்துள்ள உச்ச எல்லை 93 பாகை.

அந்த எல்லையை நெருங்கும்போது கார்ட் உடனே எரிந்துவிடுவதில்லை. முதலில் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். இருபது நிமிடத்தில் முடிந்த படம் முப்பத்தைந்து நிமிடம் எடுக்கும். இதைப் பலர் "கணினி பழசாகிவிட்டது" என்று எடுத்துக்கொள்கிறார்கள். வேகம் குறைத்தும் சூடு அடங்காவிட்டால்தான் திரை கறுத்துப்போகும், அல்லது கணினி அணைந்துவிடும். ஆகவே தாமதமே முதல் எச்சரிக்கை.

ஒரு விடயம் பலரைப் பயமுறுத்துகிறது. இன்றைய கார்ட்கள் பலவற்றில் இலேசான வேலையின்போது விசிறி சுழலவே சுழலாது. ஐம்பது அறுபது பாகையைத் தாண்டிய பின்னர்தான் தொடங்கும். அது பழுதல்ல, சத்தத்தைக் குறைப்பதற்கான ஏற்பாடு. முழு வேலையிலும் சுழலாவிட்டால்தான் விசிறி பழுது என்று கொள்ள வேண்டும். அப்போதும் மென்பொருளை ஒரு தடவை சந்தேகியுங்கள். 2010 மார்ச் மாதம் என்விடியா வெளியிட்ட 196.75 இலக்க டிரைவர் மென்பொருளில் விசிறிக் கட்டுப்பாடு பிழைத்துப் பலருடைய கார்ட்கள் கொதித்தன. நிறுவனம் அதைத் திரும்பப் பெற்றது. டிரைவரை மாற்றிய மறுநாளே சூடு தொடங்கியிருந்தால், முந்திய பதிப்பைப் போட்டுப் பார்ப்பதற்கு ஒரு சதமும் செலவில்லை.

செலவில்லாத படியிலிருந்து தொடங்குவோம்

1. இடம் மாற்றுங்கள். பெட்டியை அலுமாரிக்கு வெளியே எடுத்து, காற்று நுழையும் பக்கத்திலும் வெளியேறும் பக்கத்திலும் ஒரு சாண் அளவாவது இடம் விடுங்கள். நிலத்தில் வைக்காமல் சிறு பலகைமீது வையுங்கள். ஓடும்போது எதையும் போர்த்தாதீர்கள். போர்வை, கணினி அணைந்து முழுதாக ஆறிய பின்னர் தூசி படாமல் இருப்பதற்கு மட்டும்.

2. பக்கமூடியைக் கழற்றிப் பரிசோதியுங்கள். மூடியைத் திறந்துவிட்டு அதே வேலையைக் கொடுத்துப் பாருங்கள். பத்துப் பாகையோ அதற்கு மேலோ குறைந்தால் கார்ட் நலம், பெட்டிக்குள் காற்றோட்டம்தான் குறை என்று அர்த்தம். ஒரு பெட்டி விசிறியின் விலை கார்டின் விலையில் மிகச் சிறு பங்கே. மாற்றமே இல்லையென்றால் குறை கார்டிலேயே இருக்கிறது. வேலை செய்யும்போது உள்ளே கை வைக்காதீர்கள், சிறு பிள்ளைகளையும் பூனையையும் அருகே விடாதீர்கள்.

3. தூசி எடுங்கள். கணினியை அணைத்து, மின்கம்பியைக் கழற்றி, இயக்கும் பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே மிஞ்சியிருக்கும் மின்சாரம் வடியும். பெட்டியின் உலோகச் சட்டத்தைத் தொட்டு உடம்பின் நிலைமின்னைப் போக்குங்கள். மென்மையான காய்ந்த தூரிகையாலும் காற்று ஊதும் கருவியாலும் தகடுகளின் இடைவெளியைச் சுத்தம் செய்யுங்கள். ஊதும்போது விசிறி இதழை விரலால் அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் காற்று அதை அளவுக்கு மீறிச் சுழற்றித் தாங்கியைக் கெடுத்துவிடும். வாயால் ஊத வேண்டாம், எச்சில் ஈரம் படும். மலையகத்தில் ஆண்டுக்கு இரு முறை, மழைக்காலம் தொடங்கும் முன்னும் முடிந்த பின்னும், இதைச் செய்வது போதுமானது.

4. சுமையைக் குறையுங்கள். எம்எஸ்ஐ ஆஃப்டர்பேர்னர் என்ற இலவச மென்பொருளில் கார்ட் எடுக்கும் மின்சாரத்துக்கு எல்லை வைக்கலாம். 170 வோட் எடுக்கும் கார்டை 80 சதவீதத்துக்கு இறக்கினால் 136 வோட் ஆகும். வெப்பம் ஐந்தில் ஒரு பங்கு குறையும். பெரும்பாலான கார்ட்களில் வேகம் அந்த அளவுக்குக் குறைவதில்லை. நாளை காலை வாடிக்கையாளருக்கு வேலை கொடுக்க வேண்டும், கணினியோ நின்று நின்று போகிறது என்ற இரவில் கைகொடுக்கும் வழி இது.

5. களிம்பை மாற்றுங்கள். மேற்சொன்ன நான்கும் பலிக்காமல், கார்ட் சில வருடம் பழையதாகவும் இருந்தால் உள்ளிருக்கும் வெப்பக் களிம்பு காய்ந்திருக்கக்கூடும். இதற்குக் கார்டையே பிரிக்க வேண்டும். திருகாணிகளை மாறி மாறி, குறுக்கு வாட்டில் தளர்த்த வேண்டும். பழைய களிம்பை ஐசோபுரோப்பைல் அல்ககோலால் துடைத்துப் புதியதை அளவாகப் பூச வேண்டும். நினைவகச் சில்லுகள்மேல் இருக்கும் மென்மையான பட்டைகள் கிழிந்தால் அதே தடிப்பில் புதியவை வைக்க வேண்டும். அரை மில்லிமீற்றர் வேறுபட்டாலும் தகடு சரியாக அமராது. அனுபவமுள்ள ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு முதல் தடவை செய்வது புத்தி. உத்தரவாதக் காலம் முடியவில்லையென்றால் இந்தப் படியைத் தொடவே வேண்டாம்.

செய்யக் கூடாத வைத்தியம்

பழுதான கார்டை ஓவனில் வைத்துச் சூடாக்கினால் உயிர்பெறும் என்று ஒரு கதை உலவுகிறது. அதன் பின்னணி இதுதான். 2008 ஜூலையில் என்விடியா நிறுவனம், மடிக்கணினிகளுக்கான தன் சில சில்லுகளின் பொதியில் பலவீனமான பொருள் பயன்படுத்தப்பட்டிருந்ததை ஒப்புக்கொண்டு, திருத்தச் செலவுகளுக்காக 150 முதல் 200 மில்லியன் டொலர் வரை ஒதுக்கியது. சில்லு சூடாகும்போது விரிகிறது, ஆறும்போது சுருங்குகிறது. இந்த விரிவும் சுருக்கமும் நூற்றுக்கணக்கான தடவை நடந்தபோது, சில்லைத் தாங்கிய நுண்ணிய ஈயப்பற்றுக் குமிழ்கள் வெடித்தன. கம்பியை முன்னும் பின்னும் வளைத்தால் கடைசியில் ஒடிந்துவிடுவதைப் போன்றது இது. சூடாக்கினால் வெடிப்பு தற்காலிகமாகத் தொடுப்புக் கொள்ளும், சில நாளிலோ சில வாரத்திலோ மறுபடியும் பழுதாகும். பிளாஸ்டிக் பாகங்கள் உருகி நச்சுப்புகை வரும். உணவு சமைக்கும் ஓவனில் இதை எக்காரணத்தைக் கொண்டும் செய்யக் கூடாது.

தூசி உறிஞ்சும் இயந்திரத்தின் குழாயைச் சுற்றுப் பலகையில் வைத்து இழுப்பதும் தவறு. அதில் உண்டாகும் நிலைமின் சில்லுகளைக் கொல்லும். ஈரத்துணி, நறுமணத் திரவம், தேங்காயெண்ணெய் எதுவும் உள்ளே போகக் கூடாது. விசிறி இரைகிறது என்று எண்ணெய் விட்டால் அடுத்த மாதத் தூசிக்கு நாமே பசை தடவியதாகும்.

எல்லாக் குறையும் நம் வீட்டில் பிறப்பதில்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஏஎம்டி நிறுவனம் 2022 டிசெம்பரில் வெளியிட்ட ஆர்எக்ஸ் 7900 எக்ஸ்டிஎக்ஸ் கார்ட்கள் சிலவற்றில் சூடான புள்ளி 110 பாகையைத் தொட்டது. வெப்பத்தைப் பரப்பும் ஆவிக்கூடத்துக்குள் போதிய திரவம் இல்லாததே காரணம் என்று அடுத்த மாதம் நிறுவனமே ஏற்றுக்கொண்டது. அதை வாங்கியவர்கள் எத்தனை தடவை தூசி தட்டியிருந்தாலும் பயன் இருந்திருக்காது. புதிய கார்ட் முதல் வாரத்திலிருந்தே கொதித்தால், திருகாணியைத் தொடாமல் பற்றுச்சீட்டோடு கடைக்குப் போங்கள். நீங்கள் குறித்து வைத்த வெப்பநிலைகளையும் தேதியோடு காட்டுங்கள். எழுதி வைத்த எண் இருந்தால் கடைக்காரர் எளிதில் தட்டிக்கழிக்க முடியாது.

பெற்றோருக்குச் சில வார்த்தைகள்

பாவித்த கார்ட் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எதேரியம் என்ற மறைகுறி நாணயத்தை உண்டாக்க உலகெங்கும் கிரஃபிக்ஸ் கார்ட்களை இராப் பகலாக ஓடவிட்டிருந்தார்கள். 2022 செப்டெம்பர் 15 ஆம் திகதி அந்த முறை நிறுத்தப்பட்டதும், அப்படி உழைத்த கார்ட்கள் ஏராளமாகப் பாவித்த பொருட் சந்தைக்கு வந்தன. அவை எல்லாம் கெட்டவை என்று சொல்ல முடியாது. ஆனால் விசிறியும் களிம்பும் தேய்ந்திருக்கக்கூடும். பணம் கொடுக்கும் முன்னர், கடையிலேயே பதினைந்து நிமிடம் முழு வேலை கொடுத்து வெப்பநிலையைக் காட்டச் சொல்லுங்கள். அதற்கு மறுப்பவரிடம் வாங்காமல் இருப்பதே மேல்.

வாங்கும்போது மகளின் வேலைக்கு எந்த அளவு கார்ட் தேவை என்றும் கேளுங்கள். அழைப்பிதழும் சுவரொட்டியும் வடிவமைப்பவளுக்கு 75 வோட் எடுக்கும் ஜிடிஎக்ஸ் 1650 போன்ற சிறிய கார்டே தாராளம். பெரிய கார்ட் விலையும் கூட, சூடும் கூட, மின்கட்டணமும் கூட.

இன்னொன்று. கணினியின் மூடியைத் திறப்பது ஆண்பிள்ளைகளின் வேலை என்று பல வீடுகளில் ஒதுக்கி வைத்திருக்கிறோம். தம்பி வரும்வரை, மச்சான் வரும்வரை, அல்லது ஹட்டன் நகரக் கடைக்கு யாராவது தூக்கிக்கொண்டு போகும்வரை பெண்பிள்ளையின் வேலை நின்றுவிடுகிறது. தையல் இயந்திரத்தின் பொபினைக் கழற்றித் தூசி துடைத்து எண்ணெய் விடுவதற்கு நம் உம்மாமார் யாரையும் காத்திருக்கவில்லை. அந்த இயந்திரத்தைவிடக் கணினிப் பெட்டி கடினமானதல்ல. நான்கு திருகாணி, ஒரு தூரிகை, கொஞ்சம் பொறுமை. முதல் தடவை வாப்பாவோ உம்மாவோ பக்கத்தில் நின்று கைபேசியின் வெளிச்சத்தைப் பிடித்தாலே போதும், பிள்ளைக்குத் துணிவு வந்துவிடும்.

நம் கையில் தரப்பட்ட பொருள் அமானிதம் என்றும், வீண்விரயம் கூடாது என்றும் மார்க்கம் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறது. காற்று வழி அடைபட்ட ஒரே காரணத்துக்காக நல்ல கார்டைத் தூக்கி வீசுவதும் விரயமே. ஆகவே சகோதரிகளே, உங்கள் கணினி அடுத்த தடவை பெருமூச்சு விடும்போது பயப்படாதீர்கள், உடனே பணப்பையைத் திறக்கவும் வேண்டாம். வெப்பநிலையை எழுதுங்கள், இடத்தை மாற்றுங்கள், மூடியைத் திறந்து தூசியைப் பாருங்கள். அத்தனைக்குப் பிறகும் சூடு தணியாவிட்டால் அந்தக் குறிப்புத் தாளோடு கடைக்குச் செல்லுங்கள். "சூடாகிறது" என்று மட்டும் சொல்பவருக்குப் புதிய கார்ட்டின் விலை சொல்லப்படும். "சும்மா இருக்கும்போது 44, வேலையில் 91, மூடியைத் திறந்தாலும் 90, விசிறி சுழல்கிறது" என்று சொல்லும் பெண்ணிடம், களிம்பை மாற்றிப் பார்ப்போம் என்றுதான் பேச்சே தொடங்கும்.